பழைய வளையும் பிளாஸ்டிக் சிப்பாய்கள்: மறுபடி பெயிண்ட் அடித்தால் நிற்குமா?

ஒரு வாசகரின் கேள்வி, 2024 செப்டம்பர் 7

வீட்டுப் பரணில் 1970-களில் வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்கள் இரண்டு பெட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவுதான், ரப்பர் மாதிரி வளைகின்றன. அந்தக் காலத்தில் யாரோ அடித்த பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. இந்தப் பிளாஸ்டிக் மேல் எதுவும் நிற்காது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்று தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படித்தானா?

2024 செப்டம்பர் 7, இரவு

தூக்கிப் போடாதீர்கள். நிற்கும், ஆனால் வேலை இருக்கிறது.

உங்கள் தெரிந்தவர் சொல்வதில் பாதி உண்மை. அது பாலித்தீன். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், பாலித்தீன் பரப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெயிண்ட் அதைப் பிடித்துக்கொள்வதில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்து எனாமல் காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். சிப்பாயின் துப்பாக்கி வளையும், மேலே இருக்கும் எனாமல் வளையாது. அதனால் உரிகிறது.

முதல் வேலை கழுவுவது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை ஐம்பது வருடம் ஆனாலும் போகாது. ஒரு முறை கழுவி, காயவைத்து, மறுநாள் இன்னொரு முறை கழுவுங்கள். கழுவிய பிறகு முகத்தைக் கையால் தொடாதீர்கள், நம் விரலிலும் எண்ணெய் உண்டு.

என்னிடமும் இதே மாதிரி சரக்கு இருக்கிறது. பெரியப்பா சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். தென் பிரான்சில் ஃப்ரெஜூசில் இருந்தபோது வாங்கிச் சேர்த்த பெட்டிகள், லீவுக்கு வரும்போதெல்லாம் ஒன்று இரண்டாகக் கொண்டுவந்தார். முத்தியால்பேட்டை வீட்டுப் பரணில் இருந்து போன மாதம்தான் இறக்கினேன். மொத்தம் 134 உருப்படி.

2024 செப்டம்பர் 9

பாலித்தீன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் போதும். பாலித்தீனின் அடர்த்தி 0.92 முதல் 0.96 வரை, அதனால் மிதக்கும். கடினமான மாடல் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன், 1.05, மூழ்கும். பி.வி.சி. இன்னும் கனம், கல் மாதிரி இறங்கிவிடும். முடிவு செய்வதற்கு முன் தண்ணீருக்குள் விரலால் அழுத்தி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை விரட்டிவிடுங்கள். தடிமனாகப் பெயிண்ட் இருந்தால் சோதனை ஏமாற்றும், அடியில் வெட்டி வீசும் துண்டு ஏதாவது இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

இது தெரியாமல் எந்த ரசாயனத்திலும் ஊறப்போடாதீர்கள். அசிட்டோன் பாலித்தீனை ஒன்றும் செய்யாது, பாலிஸ்டைரீனைக் கூழாக்கிவிடும்.

2024 செப்டம்பர் 15

இவற்றை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டவருக்கு.

பெட்டிகளில் பெரும்பாலானவை மாடல் கம்பெனியான ஏர்ஃபிக்ஸின் 'வாஷிங்டனின் படை'யும் 'பிரிட்டிஷ் கிரனேடியர்'களும். இரண்டும் அமெரிக்க விடுதலைப் போருக்கானவை. அமெரிக்காவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் பல வருடம் அவற்றைத் தொடவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது: அந்தப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நடந்தது கடலூரில். அமெரிக்கர்களுக்கு உதவப் பிரான்ஸ் இறங்கியதும் பிரான்சும் இங்கிலாந்தும் மோதிக்கொண்ட இடமெல்லாம் போர்க்களம் ஆயிற்று. 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்தார்கள். 1783 ஜூனில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலேயப் படை வந்து முற்றுகை போட்டது. உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, பக்கத்தில் மைசூர்ப் படையும் இருந்தது. ஜூன் 13 அன்று ஊருக்கு வெளியே பெரிய சண்டை. ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் 15 போர்க்கப்பல்களும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸின் 18 போர்க்கப்பல்களும் மோதின.

அதே பத்தாண்டு, அதே மாதிரி கோட்டு, அதே மாதிரி துப்பாக்கி. பெட்டி மேல் வாஷிங்டன் பெயர் இருந்தாலும் அந்தப் பொம்மைகள் கடலூருக்கும் பொருந்தும். ஜூன் 13 சண்டையை, பொம்மைகளை நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் ஆட்டமாக ஒரு மேஜை மேல் கொண்டுவர வேண்டும், அதுதான் திட்டம்.

2024 செப்டம்பர் 22

பெயிண்ட் நீக்கும் படலம். டெட்டால். ஆமாம், அதேதான், தண்ணீர் கலக்காமல். அதில் குளோராக்சிலினாலோடு டெர்பினியாலும் ஆல்கஹாலும் இருக்கின்றன, அவை பழைய பெயிண்டை இளக்கிவிடுகின்றன. மூடி உள்ள கண்ணாடிப் பாட்டிலில் 11 சிப்பாய்களைப் போட்டு ஒரு முழு நாள் விட்டேன். காலையில் எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்ததும் கோட்டு, தொப்பி, முகம் எல்லாம் கழன்று வந்துவிட்டன. அடியில் புதுப் பிளாஸ்டிக் மாதிரி பளிச்சென்று இருக்கிறது.

ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், கையுறை போடுங்கள். பூனை வளர்க்கிறவர்கள் பக்கத்திலேயே வைக்காதீர்கள், அந்த மருந்து பூனைக்கு விஷம்.

நீக்கியே ஆக வேண்டுமா, பெரியப்பா கை பட்டதாயிற்றே என்று கேட்டிருக்கிறார் ஒருவர். யோசித்துத்தான் செய்தேன். பாதிக்கு மேல் உரிந்துவிட்டது, மீதியில் முகங்கள் பழுப்பேறிக் கிடக்கின்றன. மேலே பூசிய வார்னிஷ் நாற்பது வருடத்தில் மஞ்சளாகி, பழுப்பாகி, ஆளே அடையாளம் தெரியவில்லை. அதை அப்படியே விடுவதில் அர்த்தம் இல்லை.

2024 செப்டம்பர் 23

மறந்துவிட்டேன், முக்கியம்: டெட்டாலில் இருந்து எடுத்ததும் தண்ணீரில் அலசாதீர்கள். இளகிய பெயிண்டில் தண்ணீர் பட்டதும் தார் மாதிரிப் பிசுபிசுவென்று ஆகி, மடிப்பிலெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். நான் முதல் மூன்றைக் குழாயடியில் காட்டிவிட்டு ஒரு மணி நேரம் ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தேன். முதலில் புது டெட்டாலிலேயே பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். பெயிண்ட் முழுவதும் போன பிறகுதான் சோப்புத் தண்ணீர்.

2024 அக்டோபர் 6

செப்டம்பர் 22-இல் முகங்களைப் பற்றி எழுதியது தப்பு. திருத்த வேண்டும், மனசு கனமாக இருக்கிறது.

அடுத்த தொகுதியை ஊறப்போட எடுத்துவைத்தேன். ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கண்ணில் பட்டது: முகம் பழுப்பு, கழுத்துக்குக் கீழே குறுக்குப் பட்டை வெள்ளை. நல்ல வெள்ளை. வார்னிஷ் பழுப்பேறியிருந்தால் வெள்ளைப் பட்டைதானே முதலில் நிறம் மாறியிருக்க வேண்டும்? பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முகத்தில் இரண்டு பழுப்பு இருக்கிறது. கன்னமும் மூக்கும் கொஞ்சம் வெளுப்பு, தாடைக்குக் கீழே அடர்த்தி. உதடு இருக்கும் இடத்தில் ஒரே ஒரு கீற்று, செங்கல் நிறத்தில். கைகளும் அதே பழுப்பு, விரல் நடுவில் அடர்த்தி. இது தானாக ஆனது இல்லை. ஒருவர் உட்கார்ந்து, ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷால், வேண்டும் என்றே போட்டது.

பெட்டிக்குள் காய்ந்துபோன எனாமல் டப்பாக்கள் ஐந்து கிடந்தன, 14 மில்லி டப்பா. துரு என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன். இன்று ஒன்றின் மூடியைச் சுரண்டிப் பார்த்தேன். துரு இல்லை, வழிந்து காய்ந்த பழுப்புப் பெயிண்ட். பாதிக்கு மேல் காலி.

பெரியப்பா எல்லாருக்கும் நம் ஊர் முகம் போட்டிருக்கிறார். நான் அதில் 11 பேரை அழித்துவிட்டேன்.

2024 அக்டோபர் 7

பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெள்ளைக்கார மூஞ்சியா? அவரு எப்பவும் நம்ம ஆளுங்க மூஞ்சிதாண்டா போடுவாரு. கூட இருந்தவங்களாம். இது இன்னார், அது இன்னார்னு சொல்லிக்கிட்டே போடுவாரு. எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்."

இனி ஒன்றையும் ஊறப்போடமாட்டேன்.

2024 அக்டோபர் 13

இன்னொரு விஷயம். வேறொருவர் சொன்னதை நம்பி, வளையும் தன்மைக்காகச் சேர்த்த எண்ணெய் ஆவியாவதால்தான் பழைய பாலித்தீன் நொறுங்குகிறது என்று ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். தவறு. அப்படி எண்ணெய் சேர்ப்பது பி.வி.சி.யில். அதில் எண்ணெய் வெளியே கசிந்து பொம்மை பிசுபிசுக்கும். பாலித்தீன் தன்னாலேயே வளையும், அதில் சேர்க்க வேண்டியது இல்லை. அது நொறுங்குவது வெயிலாலும் காற்றாலும். புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து நீளமான மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. அப்படி ஆனதைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது.

என் பரணிலேயே சாட்சி இருக்கிறது. ஓட்டு வீடு, நடுவில் ஒரு கண்ணாடி ஓடு. அந்த வெளிச்சம் நேராக விழும் இடத்தில் மூடி இல்லாமல் கிடந்த ஒரு பெட்டியில் 9 சிப்பாய்கள் கணுக்காலில் ஒடிந்துவிட்டார்கள், தொட்டாலே பிஸ்கோத்து. அதற்குப் பின்னால் நிழலில் இருந்த பெட்டியில் ஒன்றுகூட உடையவில்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று அடித்தபோது பாதி ஓடு பறந்து மழை உள்ளே கொட்டியது. தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை, வெயில்தான் செய்தது.

ஒடிந்தவர்களைக் கீழே விழுந்து கிடப்பவர்களாக வைத்துக்கொள்ளலாம். முற்றுகை என்றால் அவர்களும் வேண்டும்.

2024 அக்டோபர் 27

வளைந்த துப்பாக்கியை நிமிர்த்த: கொதித்து இறக்கிய தண்ணீர், ஒரு நிமிடம் ஆறவிட்டு, இடுக்கியால் பிடித்து 20 எண்ணும் வரை முக்குங்கள். எடுத்து நேராக்கி, அப்படியே பிடித்தபடி ஐஸ் தண்ணீரில் விடுங்கள்.

அச்சுக்கோடு, அதாவது அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் விழும் கோடு, எடுக்க உப்புத்தாள் போடாதீர்கள். பாலித்தீன் தேயாது, பஞ்சு மாதிரி மயிர் கிளம்பும். வெட்டத்தான் வேண்டும். மருந்துக் கடையில் 11-ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடு கேளுங்கள், 3-ஆம் எண் கைப்பிடிக்குப் பொருந்தும். கூர் மழுங்கியதும் மாற்றிவிட வேண்டும், மழுங்கிய பிளேடுதான் கையைக் கிழிக்கும்.

ஒட்டுவது பற்றி: மாடல் சிமென்ட் என்று விற்கும் பசை பாலித்தீனில் வேலை செய்யாது. ஃபெவிக்விக் கொஞ்ச நாள் பிடித்துவிட்டு விட்டுவிடும். துளை போட்டு மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகி, அதன் பிறகு பசை வையுங்கள். தலைப்பாகைக்கு நான் எம்-சீல் பிசைந்து வைக்கிறேன். அதுவும் வெறும் தலையில் ஒட்டாது, உச்சியில் ஒரு துண்டுக் கம்பி நீட்டி, அதைச் சுற்றிப் பிடித்து வைக்க வேண்டும்.

2024 நவம்பர் 10

அடிப்பூச்சு: ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் கண்ணாடித்தாள் மாதிரி சிப்பாயை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வளைத்தால் கூடவே வளைகிறது. அதன் மேல் அக்ரிலிக் நன்றாகப் பிடிக்கிறது. எல்லாருக்கும் இதையே சொல்வேன், விலையும் குறைவு.

வெறும் பிளாஸ்டிக்காக இருந்த 24 சிப்பாய்களுக்குப் பூசி, சிவப்புக் கோட்டு போட்டுவிட்டேன்.

2024 டிசம்பர் 8

நவம்பர் 10 குறிப்பைப் பின்பற்றியவர்கள் மன்னிக்கவும்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு எங்கள் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை, ஒரு வாரம் வீட்டுக்குள் துணியே காயவில்லை. சிப்பாய்களை அலமாரியில் வைத்திருந்ததால் நனையவில்லை. ஆனாலும் நேற்று எடுத்தபோது விரலில் ஒட்டின. ஃபெவிகால் ஈரக்காற்றைக் குடித்து இளகியிருக்கிறது. ஒருவனைப் பிடித்துத் தூக்கினேன், தோளில் இருந்த சிவப்பு என் கட்டைவிரல் ரேகையோடு பெயர்ந்து வந்துவிட்டது.

உள்நாட்டுக் காய்ந்த ஊர்களில் இது சரியாக வரும். கடற்கரையில், ஐப்பசி கார்த்திகையில், வராது.

24-ஐயும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து முதலில் இருந்து ஆரம்பிக்கிறேன். இவை என் பெயிண்ட்தான், அதனால் வருத்தம் இல்லை.

2024 டிசம்பர் 22

வழி கிடைத்தது. கார் பெயிண்ட் கடையில் பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர். பம்பர் பாலிப்ரொப்பிலீன், நம் பாலித்தீனுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி, அதற்கும் இதே ஒட்டாத வியாதி. அதற்காகவே செய்த பிரைமர் இது. கடைக்காரரிடம் ஒரு சிப்பாயைக் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "கலர் இல்லாததே எடுத்துக்குங்க, லேசா ஒரு கோட்டு போதும், தடியா அடிச்சா நீங்களே உரிச்சு எடுப்பீங்க" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன்.

எச்சரிக்கை: இதில் சைலீன், டொலுவீன் மாதிரிக் கரைப்பான்கள் இருக்கும். தண்ணீரில் மிதந்த சிப்பாய்க்கு மட்டும்தான் அடிக்க வேண்டும். மூழ்கியதற்கு அடித்தால் முகம் உருகிவிடும். மொட்டை மாடியில், காற்று அடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி நின்று அடியுங்கள். மழை நாளில் எந்த ஸ்பிரேயும் வேண்டாம், வார்னிஷ் ஸ்பிரே என்றால் நிச்சயம் வேண்டாம், ஈரத்தில் வெள்ளைப் பூத்துவிடும்.

ஒரு வாரமாக ஒரு துப்பாக்கியைத் தினம் இருபது முறை வளைத்துப் பார்க்கிறேன். உரியவில்லை.

2025 ஜனவரி 12

முக நிறம். கடையில் 'சதை நிறம்' என்று எழுதி விற்கும் குப்பி எதுவும் நம் ஊர்ச் சதை இல்லை. கலந்துதான் ஆக வேண்டும். பெரியப்பா போட்டதில் நன்றாக இருக்கும் ஒருவனை விளக்குக்கு அடியில் நிறுத்தி, அவனைப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) இரண்டு பங்கு, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) ஒரு பங்கு, ரா அம்பர் (கரும்பழுப்பு) பிரஷ் நுனியில் தொட்ட அளவு. நிழலுக்கு அதே கலவையில் இன்னும் கொஞ்சம் அம்பர். வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்க்கக் கூடாது, சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். ஓக்கரையே கூட்ட வேண்டும். இதைப் பிடிக்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று.

நான் அழித்த 11 பேருக்கும் இதே முகம் போட்டுவிட்டேன். அவர் கை வரவில்லை. அவர் உதட்டுக்கு ஒரு கீற்றுப் போட்டால் ஆள் பேசப்போகிற மாதிரி இருக்கும். எனக்கு வாய் மூடியே இருக்கிறது.

மூன்று மூலைத் தொப்பியும் ஐரோப்பியக் கோட்டும் போட்ட சிப்பாய்க்குக் கறுத்த முகம் சரித்திரப்படி சரியா என்று கேட்பவர்களுக்கு: சரிதான். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் தொப்பாஸ் என்று ஒரு வகைச் சிப்பாய்களை வைத்திருந்தார்கள். போர்த்துகீசிய வழி வந்த கலப்பினத்தாரும் இங்கேயே மதம் மாறிய கிறித்தவர்களும். அவர்கள் ஐரோப்பியர் மாதிரி உடுத்தி, தொப்பி வைத்தவர்கள். ஆகவே பெரியப்பாவின் ஆட்கள் தொப்பியோடேயே கடலூரில் நிற்கலாம். தலைப்பாகை வைத்தவர்களை ஆங்கிலேயர் பக்கத்துச் சென்னைச் சிப்பாய்களாக்குகிறேன்: சிவப்புக் குட்டைக் கோட்டு, முழங்காலுக்கு மேலே நிற்கும் வெள்ளைக் கால்சட்டை, வெறுங்கால்.

பெரியப்பாவுக்குத் தொப்பாஸ் பற்றித் தெரிந்திருக்குமா? பெரியம்மா சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் அந்தக் காலத்து ஆட்களைப் போடவே இல்லை. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு மெடல் குத்திக்கொண்டு கூடப் போன ஆட்களைப் போட்டிருக்கிறார்.

2025 ஜனவரி 20

இன்றைய தேதி. 1783 ஜனவரி 20 அன்று வெர்சாயில் பிரான்சும் இங்கிலாந்தும் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கடலூர்ச் சண்டை அதற்கு ஐந்து மாதம் கழித்து.

2025 மார்ச் 2

தளம், அதாவது சிப்பாய்களை நிறுத்தி ஒட்டும் தட்டு. அட்டை வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் நெளியும். பெயர்ப் பலகை செய்யும் கடைகளில் 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட் வெட்டி மிச்சம் கிடக்கும். 40-க்கு 40 மி.மீ. சதுரமாக வெட்டித் தருவார்கள். ஒரு சதுரத்துக்கு நான்கு பேர்.

மேலே தூவ மண் எடுக்க கடலூர் போனேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம். முதலில் கேப்பர் மலை, அந்தச் செம்மண் எங்கும் கிடைக்காத நிறம். ஜூன் 13 சண்டை நடந்தது ஊருக்குத் தெற்கே, வண்டிப்பாளையம் குன்றுகளுக்கும் கடலுக்கும் நடுவில். இன்று அங்கே வீடும் ரோடும்தான். ஆனால் வெட்டிப்போட்ட ஒரு கடைக்கால் குழியில் மண் அதே சிவப்பாக இருந்தது. அங்கிருந்து தேவனாம்பட்டினம். கெடிலத்தின் ஓரம் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்த இடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்ததில் மிஞ்சியது கொஞ்சம்தான், 1783-இல் அது கோட்டையாகவே இல்லை. கடற்கரையில் ஒரு கைப்பிடி மணல் எடுத்துக்கொண்டேன்.

செம்மண்ணை மாவுச் சல்லடையில் சலித்து, மணலோடு மூன்றுக்கு ஒன்று கலந்து தூவினேன். அந்த நிறத்தின் மேல் சிவப்புக் கோட்டு மங்கிப்போகிறது, பிரெஞ்சு வெள்ளைக் கோட்டு எடுப்பாகத் தெரிகிறது. கோட்டின் சிவப்பில் கொஞ்சம் கருஞ்சிவப்பு கூட்டினால்தான் தனியாக நிற்கும். மண்ணை வைத்துப் பார்த்த பிறகு கோட்டுக்கு நிறம் முடிவு செய்யுங்கள், நான் தலைகீழாகச் செய்தேன்.

2025 ஏப்ரல் 6

தளங்களின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. உப்பு. கடல் மணலைக் கழுவாமல் போட்டது என் அவசரம். மூன்று தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பாருங்கள். கரித்தால் இன்னொரு முறை.

2025 மே 18

அக்னி நட்சத்திரம். நிமிர்த்திய துப்பாக்கிகளில் மூன்று மறுபடி வளைந்துவிட்டன. பிளாஸ்டிக்குக்குத் தன் பழைய கோணல் ஞாபகம் இருக்கும் போல. மேற்குச் சுவர் அலமாரியில் இருந்து உள்ளறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன். பெயிண்ட் அசையவில்லை.

2025 ஜூன் 15

ஆடினோம்.

13-ஆம் தேதியே ஆட நினைத்தேன், வெள்ளிக்கிழமை, முடியவில்லை. இன்று ஞாயிறு, அக்கா மகன் வந்திருந்தான். அவன் புஸ்ஸி, நான் ஸ்டூவர்ட். சாப்பாட்டு மேஜை, பழைய பச்சைப் போர்வை, அடியில் புத்தகங்களை அடுக்கிக் குன்றுகள். ஒரு பொம்மைக்கு நாற்பது பேர் கணக்கு. 134-இல் 118 பேர் மேஜை ஏறினார்கள், கணுக்கால் ஒடிந்தவர்கள் கிடந்தபடி.

நிஜத்தில் அன்று ஆங்கிலேயர் பெரிய இழப்போடு வெளிக் காவல்களைப் பிடித்தார்கள், புஸ்ஸி இரவோடு இரவாக ஊருக்குள் பின்வாங்கினார். எங்கள் மேஜையில் புஸ்ஸி பின்வாங்கவில்லை. பெரியப்பாவின் தொப்பிக்காரர்கள் நடுவில் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றார்கள். பகடையும் அவர்கள் பக்கம்.

நடுவில் அவன் கேட்டான்: "மாமா, ஜனவரியிலயே சமாதானம் ஆயிடுச்சுன்னீங்க. அப்புறம் ஏன் ஜூன்ல சண்டை?"

"செய்தி கப்பல்ல வரணும்டா. ஜூன் கடைசியிலதான் வந்துது."

"அப்ப இதுல செத்தவங்க எல்லாம்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கிடந்தவர்களில் ஒருவனை எடுத்து, துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தான். பெரியம்மா மேஜையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இலை போடணும், இதையெல்லாம் எப்ப எடுப்பீங்க என்று கேட்டார்.

2025 ஜூலை 20

ஆட்டத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இந்த இழையைத் தொடங்கியவர் கேட்டதற்கு நேரான பதில் இதுதான், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

பம்பர் பிரைமர் அடித்தவை 71. உரிந்தது 4. நான்கிலும் ஒரே இடம்: கணுக்கால், கால் தளத்தோடு சேரும் இடம். எடுத்து வைக்கும்போது அங்கேதான் வளைகிறது. இனி தளத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன். உரிந்த இடத்தைப் பிளேடால் ஓரம் சீவி, பிரைமரைப் பிரஷ்ஷில் தொட்டு வைத்து, மேலே நிறம் கொடுத்தால் போதும்.

பெரியப்பாவின் பழைய பெயிண்டோடு விட்டவை 47. இவற்றுக்குப் பிரைமர் அடிக்க முடியாது, கரைப்பான் எனாமலைத் தூக்கிவிடும். செதில் எழும்பிய இடத்தில் மட்டும், தண்ணீர் கலந்த அக்ரிலிக் மேட் வார்னிஷை ஒரே மயிரில் எடுத்துச் செதிலுக்கு அடியில் விட்டு, ஈரமான பிரஷ்ஷால் அமுக்கி உட்காரவைத்தேன். ஒரு சிப்பாய்க்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆட்டத்தில் அவற்றில் ஒன்றும் உரியவில்லை. மழைக்காலம் வந்தால்தான் நிச்சயமாகத் தெரியும், நவம்பர் கழிந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவரே, உங்கள் சிப்பாய்களை ஊறப்போடும் முன் ஜன்னலோரம் கொண்டுபோய் முகத்தைப் பாருங்கள்.